மூன்றாவது கொதி

புதுப் பொட்டலத்தில் சிவப்புப் பூ இல்லை.

சகாயமேரி மறுபடியும் கிளறிப் பார்த்தாள். பட்டை இருந்தது. அதிமதுரம் இருந்தது. காய்ந்த இலந்தைப்பழம் மாதிரி ஒன்று, மரத்தைச் சீவிப் போட்ட மாதிரி ஏதேதோ. பூவை மட்டும் காணோம்.

சைனாக்காரர்களும் கலப்படத்தை ஆரம்பித்துவிட்டார்களா?

மணி பத்தே முக்கால். பதினொன்றுக்கு மெர்வின் வந்துவிடுவான்.

யோகா படிக்க சைனாவிலிருந்து வந்து கோகுலத்தில் மாடி வீடு எடுத்திருக்கும் லின்னுக்குச் சமைப்பது, துடைப்பது சகாயமேரியின் வேலை. மூன்று வாரமாகக் கஷாயமும் சேர்ந்துகொண்டது. லின்னின் அம்மா ஊரிலிருந்து அனுப்பும் பொட்டலம், ஒரு நாளைக்கு ஒன்று. மண்சட்டியில் இரண்டு தடவை கொதிக்கவிட வேண்டும். இரண்டையும் கலந்து காலையில் பாதி, சாயங்காலம் பாதி. சக்கையைக் கொட்டிவிட வேண்டும்.

முதல் நாள் லின் இதையெல்லாம் கையாலேயே நடித்துக் காட்டினாள். எதற்கு மருந்து என்று இவளும் கையாலேயே கேட்டாள். லின் அடிவயிற்றைத் தடவிக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

கருப்பைக்கு நல்லது. அதற்கு மேல் என்ன புரிய வேண்டும்?

அதிலும் அந்தப் பூ. செக்கச்செவேலென்று இழை இழையாக, பொட்டலத்துக்கு ஒரு பிடி. தேவராஜ மார்க்கெட்டில் குங்குமப்பூவைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். இங்கே பிடி பிடியாகக் கொதிக்கிறது. அதைப் போய்க் குப்பையில் கொட்டுவார்களா?

மகள் ஸ்வீட்டிக்கு இது மூன்றாவது மாசம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, சர்ச்சில் எத்தனையோ மெழுகுவர்த்தி உருகிய பிறகு தங்கியது.

சகாயமேரி சக்கையை மூன்றாவது தடவை கொதிக்கவிட்டு பிளாஸ்க்கில் ஊற்றிவிடுவாள். பார்சல் டெலிவரிக்குப் போகிற மருமகன் மெர்வின், டாண் என்று பதினொன்றுக்கு கேட் முன்னால் இரண்டு ஹார்ன் அடிப்பான். முழு பிளாஸ்க் போகும், காலி பிளாஸ்க் வரும். ஒரு நாள் தவறியதில்லை. அடைமழையில்கூட ரெயின்கோட்டோடு வந்து நின்றான். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அடிக்காதே என்று இவள்தான் தினமும் திட்டுவாள்.

நேற்று போனில் ஸ்வீட்டி சிணுங்கினாள். கசப்பாம். போதாததற்கு இடுப்பு கடுக்கிறதாம்.

"கடுத்தா உள்ள வேல செய்யுதுன்னு அர்த்தம். மூக்கப் புடிச்சிக்கிட்டு ஒரே மடக்குல குடிச்சிடு கண்ணு. புள்ள ரோஜாப்பூ கணக்கா பொறக்கும், அப்ப இந்த மம்மிய நெனப்ப."

இன்றைக்குப் பிரச்சினை இல்லை. நேற்றைய சக்கையில் இறக்கியது பிளாஸ்க்கில் தயாராக இருந்தது. நாளைக்குத்தான் பூ வேண்டும்.

சட்டியின் ஓரத்தில் ஒட்டிக் கிடந்த சிவப்பு இழை ஒன்றைக் கிள்ளி எடுத்துக்கொண்டு போய் லின்னிடம் நீட்டினாள். புதுப் பொட்டலத்தைக் காட்டி, எங்கே என்று கையை விரித்தாள்.

லின் சிரித்தாள். நேற்றுதான் போனில் ஏதோ ஆப் போட்டிருந்தாள். அவள் பாஷையில் பேசினால் அது இந்த ஊர்க் கன்னடத்தில் சொல்லும். வாயருகே வைத்துப் பேசிவிட்டு இவள் பக்கம் திருப்பினாள்.

பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு செய்கிற மாதிரி ஒரு பெண் குரல், சுத்தமான கன்னடத்தில், அவசரமே இல்லாமல் சொன்னது. நான்கு மாதமாக எனக்கு மாதவிலக்கு வரவில்லை. நின்றுபோன ரத்தத்தை அந்தப் பூ வெளியே தள்ளும். முந்தாநாள் வந்துவிட்டது. இனிமேல் பூ தேவையில்லை, நானே எடுத்துவிட்டேன்.

லின் அடிவயிற்றைத் தடவிக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

சகாயமேரி சமையலறைக்கு வந்தாள். ஸ்வீட்டிக்குப் போன் போட்டாள். முழுக்க அடித்து ஓய்ந்தது. மெர்வினுக்குப் போட்டாள். அதுவும்.

பிளாஸ்க்கைத் திறந்து சிங்க்கில் கவிழ்த்தாள். செம்பழுப்பாகச் சுழன்றுகொண்டு இறங்கியது. குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் ஹார்ன் கேட்காமல் போய்விடுமோ என்று உடனே மூடினாள்.

பதினொன்று.

பதினொன்று ஐந்து.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டையே பார்த்தாள். இரண்டு ஹார்ன்கூட வேண்டாம். ஒன்று போதும். தெருவே திரும்பிப் பார்க்கட்டும்.

பதினொன்றே கால்.