செத்தவருக்கு வந்த கடிதங்கள்

“இப்படி ஒருத்தியை நான் பார்த்ததே இல்லடா!” என்றாள் நடிகரின் அக்கா, தம்பியிடம்.

மாலை ஏழரை மணி. டி.வி.யில் சீரியல் தொடங்கியதுதான் தாமதம், நடிகரின் மனைவி எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டாள். மறு நிமிடம் தையல் மெஷின் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. ஒரு வரி வசனம்கூடக் காதில் விழவில்லை.

“கட்டின புருஷன் டி.வி.யில வர்றான். ஒரு கண்ணால பார்த்தா குறைஞ்சா போயிடுவா?”

“நான் எங்கக்கா வர்றேன்? என் போட்டோதானே வருது.”

அது வாஸ்தவம். இருபது வருடம் கூட்டத்தில் ஒருவராக நின்றவருக்கு, மூன்று வருடத்துக்கு முன்னால் கிடைத்த வேடம் அது. கதாநாயகியின் காலமான கணவர். வேடம் என்றால், சுவரில் சட்டம் போட்ட ஒரு போட்டோ. அவ்வளவுதான். கதாநாயகி தினமும் அதன் முன்னால் நின்று ஒரு பாட்டம் அழுவாள்.

அதிலிருந்துதான் ஊருக்கு அவர் முகம் தெரிந்தது. டீக்கடையில், “செத்தவருக்கு ஒரு டீ!” என்றுதான் குரல் கொடுப்பார்கள். லிஃப்டில் அவரைப் பார்த்த ஒரு பெண்மணி வீல் என்று அலறியே விட்டார். உயிரும் உடம்புமாக நடித்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. செத்த பிறகு பிரபலம்!

திரையில் கதாநாயகி விம்மினாள். கிளிசரின் கண்ணீர் என்று அவருக்குத் தெரியும். ‘கிளிசரின் போட்டாவது ஒருத்தி எனக்காக அழறா. நம்ம வீட்டுல மெஷின் ஓடுது’ என்று நினைத்துக்கொண்டார்.

மறு நினைப்பும் கூடவே வந்தது. இருபது வருடத்தில் உருப்படியாக ஒரு வசனம் பேசாதவனை அவள் ஏன் பார்க்க வேண்டும்?

போன் அடித்தது. சீரியல் கம்பெனி.

“நாளைக்குக் காலையில ஆபீசுக்கு வாங்க சார். போட்டோ விஷயமா டைரக்டர் பேசணுமாம்.”

கையில் இருந்த ஒரே வேலை அந்தப் போட்டோதான்.

மறுநாள், மகன் வயதுள்ள டைரக்டர் சுற்றி வளைக்கவில்லை.

“இனிமே அந்தப் போட்டோ வேண்டாம் சார். இறக்கிடறோம்.”

அவர் தலையை ஆட்டினார். கிளம்ப எழுந்தார்.

“அட, பதறாதீங்க சார்! போட்டோவுக்குப் பதிலா நீங்களே வரப்போறீங்க. நீங்க சாகவே இல்லை. ஞாபகம் தப்பி எங்கேயோ இருந்தீங்க. திங்கட்கிழமை வந்து கதவைத் தட்டறீங்க.”

“நானா? செத்தது எல்லாருக்கும் தெரியுமே சார்?”

“போட்டோவைத்தானே பார்த்தாங்க? பிணத்தை யாராவது பார்த்தாங்களா?”

“வசனம்...?”

“ஒண்ணரைப் பக்கம்.”

நடிகர் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

டைரக்டர் ஒரு பையை மேஜை மேல் வைத்தார். “எனக்கு நன்றி சொல்லாதீங்க. இவங்களுக்குச் சொல்லுங்க. இந்தக் காலத்துல யார் சார் கடிதம் எழுதறாங்க? நாலு மாசமா வந்துக்கிட்டே இருக்கு. எல்லாரும் பெண்கள், உங்க ஏரியாக்காரங்க. அந்த மனுஷனைச் சுவத்திலிருந்து இறக்குங்கன்னு ஒரே பிடிவாதம்!”

அவர் வீட்டுக்கு நடந்தாரா, பறந்தாரா, அவருக்கே தெரியாது.

விஷயத்தைக் கேட்டதும் அக்கா கை தட்டினாள். மனைவி ஒரு குழந்தையின் கவுனுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். “அப்படியா? நல்லதுதான்” என்றாள். தலை நிமிரவில்லை.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. கடிதங்களை மேஜையில் கொட்டினாள்.

“பார்த்தியாம்மா? முப்பத்தேழு பேர்! ஊரான் வீட்டுப் பொம்பளைங்களுக்கு இருக்கற ஈரம் சொந்த வீட்டுல இல்லை.”

“வேலையத்தவங்க” என்றாள் மனைவி.

நடிகருக்குச் சுருக்கென்றது. ஒரு கடிதத்தைப் பிரித்தார். ‘அந்த நல்ல மனிதரைப் போட்டோவாகப் பார்க்க மனசு கேட்கவில்லை.’ மூன்றாவது மாடி டீச்சரின் விலாசம். அடுத்தது பேக்கரிக்காரரின் மகள். அதற்கடுத்தது, லிஃப்டில் அலறிய அதே பெண்மணி!

கையெழுத்துகள் வேறு வேறு. விலாசங்கள் வேறு வேறு.

ஆனால் எந்தக் கடிதத்திலும் பக்கங்களைச் சேர்க்கக் குண்டூசியோ ஸ்டேப்ளர் பின்னோ இல்லை. மூலையில் நூல். இரண்டு தையல், ஒரு முடிச்சு. மஞ்சள், சிவப்பு, பச்சை, ஊதா. நூலின் நிறம்தான் மாறியது. முடிச்சு ஒரே முடிச்சு.

அவர் மெதுவாகத் தலை தூக்கினார்.

மனைவியிடம் துணி தைக்கக் கொடுத்துவிட்டு அளவுக்கு நிற்க வருகிறவர்கள்தான் எல்லாரும். டீச்சர், பேக்கரிக்காரர் மகள், லிஃப்ட் பெண்மணி, எல்லாரும்.

எதிரே மனைவி கவுனின் கையை முடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு தையல், ஒரு முடிச்சு. நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

“என்னடா, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?” என்றாள் அக்கா.

“ஒண்ணுமில்லக்கா.” மனைவியைக் கேட்டார். “திங்கட்கிழமை... சீரியல் பார்ப்பியா?”

அவள் ஊசியில் அடுத்த நூலைக் கோத்தாள்.

“உயிரோடதானே வர்றீங்க?” என்றாள். “அப்ப பார்ப்பேன்.”