அர்ச்சுனன் சம்சாரம்

"சொந்தக்காரங்க யாராவது வந்து கைநாட்டு வச்சாத்தான் நான் கத்தியைத் தொடுவேன். பன்னிரண்டு மணிக்கு லாரி கிளம்பிடும். அப்புறம் அடுத்த வாரம்தான் வருவேன்" என்றார் டாக்டர் லெட்சுமணன்.

அடுத்த வாரம்வரை கட்டிலில் கிடக்கிற மனிதன் தாங்கமாட்டான் என்று டிரசர் கனகராஜுக்குத் தெரியும். செனாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது, எழுத்து வேலை எல்லாம் அவர்தான். மூன்று நாளைக்கு முன் தண்டவாளத்து ஓரம் விழுந்து கிடந்தவனைத் தோட்டத்து ஆட்கள் தூக்கி வந்திருந்தார்கள். ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போடச் சயாம் போய்த் திரும்பியவன் என்பது காலைப் பார்த்தாலே தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே புண் எலும்புவரை தின்றிருந்தது. காய்ச்சலில் கண்ணே திறக்கவில்லை. பேர்கூடத் தெரியாது.

போன மாதம் வேறொரு தோட்டத்தில் இப்படித்தான் மயங்கிக் கிடந்த ஒருவனின் காலை எடுத்து உயிரைக் காப்பாற்றினார் டாக்டர். "வேலைக்கு ஆகிற ஆளை யாரைக் கேட்டு நொண்டியாக்கினாய்?" என்று ஜப்பான் அதிகாரி அவரைக் கன்னத்தில் அறைந்தான். அன்றிலிருந்து புதுச் சட்டம். நினைவில்லாதவனுக்காகப் பெண்டாட்டியோ பிள்ளையோ கூடப் பிறந்தவர்களோ வந்து சம்மதம் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் தலை போய்விடும். கால் அழுகுவதற்கு எவன் சம்மதமும் வேண்டாம், அதை எடுப்பதற்குத்தான் வேண்டும்! கனகராஜ் தனக்குள் பொருமினார்.

பதினொன்றரைக்கு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கோணித் துணியில் ஒட்டுப் போட்ட சேலை. கழுத்தில் மஞ்சள் கயிறு. கால் முழுக்கப் புழுதி.

"சயாம்லேருந்து ஒரு ஆள் வந்திருக்காராமே, ஐயா? எம் புருஷனும் அங்கதான் போனாரு. சேதி கேட்டு கெலாங் பாத்தாவுலேருந்து நடந்தே வர்றேன். எம்பேரு பேச்சியம்மா."

கனகராஜ் அவளைக் கட்டிலருகே அழைத்துப் போனார். அவள் கீழே உட்கார்ந்து, முந்தானையால் அவன் முகத்து வியர்வையைத் துடைத்தாள். நெற்றி, காது, தாடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவள் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஒட்டி உலர்ந்து கெடக்காரும்மா. பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது. நல்லாப் பாத்துச் சொல்லு."

"காலு என்னாச்சுங்க?"

"அழுகிடுச்சு. எடுத்தா பொழைப்பாரு. எடுக்கலன்னா ரெண்டு நாள்தான். சொந்தபந்தம் இல்லாம டாக்டர் எடுக்க மாட்டாரு. பொய்க் கைநாட்டுன்னு தெரிஞ்சா ஜப்பான்காரன் தலையை வாங்கிருவான். அதான் கேக்குறேன். இவரு உன் வீட்டுக்காரருதானே?"

பேச்சியம்மாள் இன்னொரு தடவை அந்தக் காலைப் பார்த்தாள். "ஆமாங்கய்யா."

கனகராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. ஓடிப் போய்த் தாளையும் மையையும் எடுத்து வந்தார். "அவரு பேரைச் சொல்லு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடடா, இந்த நேரத்துலயுமா!"

தோட்டத்து லயக் குடியிருப்புப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுசு குறைந்துவிடும் என்று பயம். அரிசிப் பங்கீட்டுக்குப் பேர் எழுதும்போதெல்லாம் இந்தக் கூத்துதான். பக்கத்தில் நிற்கும் யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"கூட யாராச்சும் வந்திருக்காங்களா?"

"நான் மட்டும்தாங்க."

"சரி, நானே கேக்குறேன். சாமி பேரா?"

வெளியே லாரிக்காரன் ஹார்ன் அடித்தான்.

"பாரதக் கதையில வர்ற பேரா? அர்ச்சுனனா?"

அவள் சட்டென்று தலையாட்டினாள்.

"பாத்தியா, வெரசாக் கண்டுபிடிச்சிட்டேன்!" அந்த அவசரத்திலும் கனகராஜுக்கு ஒரு சின்னப் பெருமை.

டாக்டர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவளிடம் வந்தார். "அம்மா, இவரைக் கேக்க வழியில்ல. இவருக்காக நீங்கதான் முடிவு பண்றீங்க. நாளைக்கு எழுந்து, யாரைக் கேட்டு என் காலை எடுத்தீங்கன்னு உங்களைத் திட்டலாம். யோசிச்சுக்குங்க."

"உசுரோட இருந்து திட்டட்டுங்க" என்றாள் பேச்சியம்மாள்.

கட்டைவிரலை மையில் தொட்டு அவள் தாளில் வைத்தாள். ரேகை இழுபட்டு, கனகராஜ் இன்னொரு முறை வைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. லாரி ஒன்றரை மணிக்குத்தான் கிளம்பியது.

அவள் ஊருக்குத் திரும்பவில்லை. கட்டிலுக்குக் கீழேயே படுத்தாள். கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்து அவன் உதட்டில் பிழிந்தாள். ஈ ஓட்டினாள். 'பெண்டாட்டின்னா இவதான்யா' என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார் கனகராஜ்.

நாலாம் நாள் காலையில் அவன் கண் திறந்தான்.

"பேச்சியம்மா! உன் வீட்டுக்காரரு முழிச்சிட்டாரு!"

அடுப்பில் இருந்த மரவள்ளிக் கஞ்சியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். புருஷன் பெண்டாட்டி பேச ஆயிரம் இருக்கும் என்று கனகராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

அவர் போகும்வரை காத்திருந்து, அவள் கட்டிலில் இருந்தவனின் காதருகே குனிந்தாள்.

"அண்ணே, நீங்க யாரு என்னன்னு எனக்குத் தெரியாது. என்னை மன்னிச்சிருங்க" என்றவள், கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட வாயால் சொல்லாத பேரைச் சொன்னாள். "சின்னத்தம்பின்னு ஒருத்தரு... சயாம்ல எங்கயாச்சும் பாத்தீங்களாண்ணே?"