எட்டு மணி சீரியல்

“பொட்டி வாங்குன மொத நாளே இப்படியா, இஷாக்கு? சீரியலுக்குப் பதிலா செய்தியைப் பதிஞ்சு வச்சிருக்கு!” சூசையம்மாள் போனில் பொரிந்தாள்.

“சீரியலை இன்னையிலருந்து ஒம்பது மணிக்கு மாத்திட்டாங்க பெரியம்மா. பொட்டிக்கு அது தெரியாது, நாமதான் மாத்தி வைக்கணும்,” என்றான் கேபிள்காரன் இஷாக்.

உண்மையில் சூசையம்மாளுக்குச் சீரியல் ஒரு பொருட்டே இல்லை. சென்னையிலிருந்து மகன் ஸ்டான்லி தினமும் எட்டு மணிக்குச் சற்று முன்னால்தான் கூப்பிடுவான். நாலு வார்த்தை பேசுவதற்குள், “சீரியல் போட்ருவான், பாரும்மா” என்று வைத்துவிடுவான். பதிவு செய்யும் பெட்டி வந்துவிட்டது, இனி ஆற அமரப் பேசலாம் என்று சொல்லத்தான் காத்திருந்தாள். இன்று பார்த்து எட்டு மணிக்கு அழைப்பே வரவில்லை.

மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றும்போது போன் அடித்தது.

“சாப்டியாம்மா?”

“ஆச்சுய்யா. ஏன் இன்னைக்கு இம்புட்டு நேரம்?”

“ஆபீஸ்ல வேலைம்மா.”

“ஒன்னு சொல்லணும்னு இருந்தேன் ஸ்டான்லி…”

“நாளைக்குப் பேசுவோம். சீரியல் ஆரம்பிச்சிரும், நீ பாரு.”

சூசையம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதாக இரண்டு நிமிடம் இருந்தது.

நேரம் மாறியது பெட்டிக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.