எட்டாம் நம்பர் மலைப் பூச்சி

அவள் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சவுக்குக் கிளையைத் தட்டினாள்.

தட்டிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

காய்ந்த இலை. ஒரு சிலந்தி. தூசி.

மூன்று நாளாக இதேதான். எட்டாம் நம்பர் மலையில் ஒரு மரம் பாக்கியில்லை. தேயிலைக்கு நடுவே அவள் குடையும் கையுமாக ஏறி இறங்குவதைப் பார்த்துக் கொழுந்து எடுக்கிற பெண்கள் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. கல்லில் உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்கு ஐம்பது வயது இருக்கும். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற மிஸ். முழங்கால் வலிக்காரி, எழும்புவதற்கு மரத்தைப் பிடிக்க வேண்டும். கெண்டைக்காலில் அட்டை கடித்த ரத்தம் காய்ந்திருந்தது. சோப்புத் தேய்த்துக்கொண்டு ஏறச் சொன்னேன். அந்த வாசம் பூச்சிக்கு ஆகாதாம்.

அவள் தேடுவது பட்டைப் பூச்சி. எள்ளில் பாதி. மரப்பட்டையில் படிந்த பாசியைத் தின்கிறது. கடிக்காது, கொட்டாது, பயிரைத் தொடாது. அதற்குப் போய் இவ்வளவு பாடா? பூச்சி என்று சொல்லிக்கொண்டு வேறு எதையோ அளக்க வந்தவள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

நினைத்ததில் குற்றமில்லை. இந்தத் தோட்டத்துக்குக் காகிதமும் பேனாவுமாக வந்தவர்கள் எதையாவது எடுத்துக்கொண்டுதான் போனார்கள். ஒருவன் வந்து என் மாட்டுக் கொட்டிலைப் படம் பிடித்தான். அடுத்த மாதம் கொட்டிலைப் பிரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

அதனால்தான் போன வருடம் பொய் சொன்னேன்.

போன வருடம் எங்கள் லயத்து வரிசையில் வீட்டுக்கு ஒரு குட்டிப் போத்தல் கொடுத்தாள். உள்ளே சாராயம் மாதிரி ஒன்று. பட்டையில் ஊர்வதைப் போட்டு வையுங்கள், எந்த மலை, எந்த மரம் என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள். மற்றவர்கள் போத்தலைக் கழுவி மூக்குத்தூள் போட்டுக்கொண்டார்கள். நான் ஒருத்தன்தான் பூச்சி போட்டேன். என் வீட்டுத் தேத்தண்ணீரை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தவள். அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி.

பூச்சி கிடைத்தது கொய்யா மரத்தில். கொய்யா நிற்பது ஓடைக்கு அந்தப் பக்கம், பன்னிரண்டாம் நம்பர் மலையில், தோட்டம் கைவிட்ட காட்டுக்குள். அங்கே ஒரு துண்டு நிலத்தைக் கொத்தி வைத்திருக்கிறேன். பதினொரு வருடம். காகிதம் கிடையாது. தோட்டத்துத் துரைக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே வேலியைப் பிடுங்கிவிடுவார்கள்.

எட்டாம் நம்பர் மலை, சவுக்கு மரம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒற்றைப் பூச்சி, இந்த நாட்டில் இதுவரை யாரும் கண்டிராததாம்.

இந்த மூன்றாம் நாள் காலையில் அதே போத்தலைக் கொண்டுவந்து காட்டினாள். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. எறும்பு எழுத்து. எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

எட்டாம் நம்பர் மலை. சவுக்கு. பிடித்தவர் சடையப்பன்.

என் பெயரைப் போலீஸ் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரித் துண்டில் பார்த்திருக்கிறேன்.

நாட்டிலுள்ள பூச்சிகளின் பட்டியல் ஒன்று அச்சுக்குப் போகிறது. ஒன்றை மட்டும் வைத்து அதில் சேர்க்க மாட்டார்கள். அதே இடத்தில் இன்னும் நாலைந்து கிடைக்க வேண்டும், ஆணும் பெண்ணுமாக. இல்லாவிட்டால் எங்கிருந்தோ காற்றில் வந்தது என்று தள்ளிவிடுவார்கள். மூன்று மணிக்கு அவளுக்கு வண்டி. இன்னொரு தரம் ஏறி வர முழங்கால் விடாது என்று அவளே சொன்னாள்.

மத்தியானச் சோற்றோடு என் பெண்சாதி ராக்கம்மா வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

"பொய்யையும் சொல்லிட்டு, காவலுக்கு வேற குந்தியிருக்கீங்களா?" என்றாள் காதோரம். "அந்த மனுசி காலப் பாருங்க."

நான் பார்க்கவில்லை.

அடுத்த மரத்தில் மிஸ்ஸுக்குக் கிளை எட்டவில்லை. நுனிக்காலில் நின்று தட்டினாள். முழங்கால் மடங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

குடையை மட்டும் சாயவிடவில்லை.

விழுந்த பிறகும் அதற்குள்தான் பார்த்தாள்.

"மிஸ்," என்றேன். "அது இங்க இல்ல."

நிமிர்ந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

ஓடையில் கைபிடித்துத் தாண்டவைத்தேன். ராக்கம்மா பின்னால் குடையைத் தூக்கி வந்தாள்.

வேலிப் படலைத் திறந்ததும் மிஸ் நின்றுவிட்டாள். கோவா வரிசை, உருண்டை உருண்டையாகக் கோசு. லீக்ஸ் வரிசை. ஓடையிலிருந்து இழுத்த குழாய். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். விளங்கிவிட்டது, முகத்தில் தெரிந்தது.

கொய்யாவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. பட்டை உரிகிற இடத்தில் மந்தை மாதிரி மேய்ந்துகொண்டிருந்தன. அவள் உருப்பெருக்குக் கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி வைத்து நெடுநேரம் பார்த்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். நீளச் சிறகு உள்ளது ஆண் என்றாள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தலையாட்டினேன்.

போத்தலைத் திறந்தாள்.

திரும்ப மூடினாள்.

"பூச்சிய எடுத்தா எடத்தையும் எழுதணும் ஐயா. அச்சுல வரும், யாரும் வாசிக்கலாம். வேணாம்னா சொல்லுங்க. இப்பவே எறங்கிருவோம்."

அவள் விரலிடுக்கில் புதுச் சீட்டு இருந்தது. நகத்தளவு.



"பன்னண்டாம் நம்பர் மல," என்றேன். "கொய்யா மரம்."

எழுதினாள். பேனா நின்றது. பெயரை வேண்டுமானால் விட்டுவிடலாம் என்றாள்.

"ஏன்? புடிச்சது நான்தானே."

அதையும் எழுதினாள்.

மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. கத்தியை எடுத்துக்கொண்டு கோவா வரிசைக்குப் போனேன். மிஸ் கொண்டுபோகப் பெரியதாக நாலு பார்த்தேன். இன்னும் பத்து நாள் விட்டால் நன்றாக இறுகும்.

வெட்டினேன்.