சிங்காரியின் பத்தியம்

"ஒரே ஒரு வாய், சிங்காரி. என் செல்லம்ல, ஒரே ஒரு வாய்."

லாவண்யா சமையலறைத் தரையில் மண்டியிட்டு, குழைந்த சோற்றையும் உப்பில்லாமல் வேகவைத்த கோழியையும் பிசைந்து நாயின் வாயருகே நீட்டினாள். சிங்காரி முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பத்தியம் தொடங்கி இன்றோடு பதினோரு நாள்.

டாக்டர் நிருபமா எழுதிக்கொடுத்த பத்தியத்தில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. எண்ணெய் கிடையாது, பால் கிடையாது, பிஸ்கட் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை, கூடவே வேகவைத்து மசித்த பூசணிக்காய். அப்படியும் நாய்க்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் சிங்காரி எழுந்து தள்ளாடிப் போய் பால்கனி மூலையில் வாந்தி எடுத்தது. துடைக்கப் போன லாவண்யா துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

வாந்தியில் ஒரு கறிவேப்பிலை. பக்கத்திலேயே பாதி செரித்த சாம்பார் வெங்காயம்.

உடனே இரண்டு மாடி இறங்கிப் போய்க் கீழ்வீட்டு ஷோபாவின் கதவைத் தட்டினாள். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க பாக்காதப்போ சிங்காரிக்கு ஏதாவது போடறீங்களா?"

ஷோபாவின் முகம் சுருங்கிவிட்டது. "நான் ஏன்மா போடப்போறேன்? அது வாசல்ல வந்து நின்னாக்கூட உங்கப்பாவைத்தான் கூப்பிடுவேன். நீ இப்படிக் கேப்பேன்னு நெனைக்கல."

லாவண்யா தலைகுனிந்து படியேறி வந்தாள். இனி யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. ஓசூர் ரோட்டில் மழையில் நனைந்து கிடந்த குட்டியை, வேலை கிடைத்து அடுகோடிக்குக் குடிவந்த முதல் வருஷம் அவள்தான் துப்பட்டாவில் சுற்றித் தூக்கி வந்தாள். ஊரில் யாரையும் தெரியாத அந்த நாட்களில் அவளுக்கு வாய்த்த ஒரே துணை அது.

அப்பா இராஜமாணிக்கம் ஹாலில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். அம்மா போனபிறகு ஆம்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டு ஆறு மாதமாக மகளோடுதான் இருக்கிறார். அவரைப் பற்றி மட்டும் லாவண்யாவுக்குக் கவலையில்லை. காலையில் அவள் சமைத்து மூடிவைத்துப் போனால், மாலையில் ஒரு பருக்கை மிச்சமிருக்காது. பாத்திரத்தைக்கூடக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார்.

"நீங்களும் ஏதாவது சாப்பிடுங்கப்பா. தோசை ஊத்தட்டா?"

"மத்தியானமே வயிறு முட்டச் சாப்பிட்டேன் பாப்பா. இந்தக் காபி போதும்." பிரஷர் மாத்திரையைக் கரண்டியில் நசுக்கித் தேனில் குழைத்து நக்கிக்கொண்டார். "சிங்காரி எப்படியிருக்கு?"

"பொழைக்குமான்னு தெரியலப்பா" என்றாள். இராஜமாணிக்கம் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை ஆட்டோவில் நாயை மடியில் போட்டுக்கொண்டு போனாள். டாக்டர் நிருபமா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். பிறகு லாவண்யாவைப் பார்த்தார்.

"ரத்தம் இறங்கிட்டே வருது லாவண்யா. வெங்காயம் நாய்க்கு விஷம் மாதிரி. யாரோ தினமும் மனுஷங்க சாப்பாட்டைக் குடுக்கறாங்க. அதை நிறுத்தலேன்னா என்னால காப்பாத்த முடியாது."

டிரிப்ஸ் ஏற்றி, வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்து, அப்பாவிடமும் அதை வரிக்கு வரி சொன்னாள். "யார் வந்தாலும் கதவைத் தெறக்காதீங்கப்பா. மூணு நாள் நான் சொன்னது மட்டும் வயித்துக்குள்ள போனா இது தப்பிச்சுடும்." அவர் தலையை ஆட்டினார்.

ஆபீசில் அவளுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. கம்ப்யூட்டர் திரையில் எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. ஒரு மணிக்கு மேனேஜரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

தன்னிடமிருந்த சாவியைப் போட்டு ஓசையில்லாமல் கதவைத் திறந்தாள். பின்பக்கம் குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

பாத்திரம் கழுவும் இடத்தில் இராஜமாணிக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் காலையில் வைத்துவிட்டுப் போன சாம்பார் சாதத்தை வடிகட்டியில் போட்டுக் குழாயடியில் அலசிக்கொண்டிருந்தார். சிங்காரி அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றது.

"அப்பா."

அவர் கையிலிருந்து வடிகட்டி நழுவித் தொட்டியில் விழுந்தது.

"நீங்களாப்பா?" லாவண்யா குழாயை மூடினாள். "ஒரு பாவமும் செய்யாத ஷோபா ஆன்ட்டியைப் போய்க் கேட்டு அசிங்கப்பட்டேன். செத்துப்போயிடும்னு காலையில அழுதுகிட்டே சொன்னேன், தலையத் தலைய ஆட்டினீங்க."

"காரமெல்லாம் போகக் கழுவிட்டுத்தான் குடுக்கறேன் பாப்பா. வெங்காயத்தையும் பொறுக்கிடுவேன். ஒண்ணு ரெண்டு கண்ணுக்குத் தப்பிடுது."

"அதுக்குப் பசிக்குதேன்னு பாவம் பாத்தீங்களா? அந்தப் பாவந்தான்பா அதைக் கொல்லுது."

இராஜமாணிக்கம் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார், மறுபடி துடைத்தார். நாயைப் பார்க்கவும் முடியாமல் மகளைப் பார்க்கவும் முடியாமல் சுவரைப் பார்த்தார்.

"குப்பையில போட்டா நீ பாத்துடுவ."

"எதைப்பா பாத்துடுவேன்?"

"உங்கம்மாவுக்காக ஒரு வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சே. திரும்பவும் உன்ன அலையவிட மனசு வரல" என்றவர், எச்சிலை விழுங்கப் பார்த்து முகம் சுளித்தார்.

லாவண்யா எதுவும் புரியாமல் அவர் அருகில் உட்கார்ந்தாள்.

"எனக்குச் சோறு இறங்கி இருபது நாளாச்சு, பாப்பா."