காற்றில்லாமல் ஆடிய இலை

மழை விட்ட காலையில் ஒரு வண்ண அந்துப்பூச்சி, சிவப்பும் மஞ்சளுமான தன் இறக்கைகளை விரித்து வெயில் காய்ந்தது. பக்கத்தில் காட்டு வண்ணத்துப்பூச்சி இறக்கைகளை மூடிக்கொண்டு, காய்ந்த இலை போல உட்கார்ந்திருந்தது.

"இறக்கையை மூடு அக்கா, கரிச்சான் குருவி வருகிறது!" என்றது வண்ணத்துப்பூச்சி.

"எனக்கு மூடிப் பழக்கமில்லையடி. நீ முதலில் நடுங்காமல் இரு."

கரிச்சான் கிளையில் இறங்கியது. "காற்றே இல்லை, இந்த இலை மட்டும் ஏன் ஆடுகிறது?" என்று வண்ணத்துப்பூச்சியை நெருங்கியது.

அந்துப்பூச்சி இறக்கைகளை விரித்தபடியே குறுக்கே வந்து நின்றது.

"ஐயோ, நீயா! போன வாரம் உன் சொந்தக்காரியைக் கொத்தி, வாயெல்லாம் கசந்துபோனது" என்று கரிச்சான் பறந்துவிட்டது.

நடுக்கம் நின்றதும் வண்ணத்துப்பூச்சி மெல்ல இறக்கைகளைத் திறந்தது. உள்ளே முழுக்க நீலம்.

"அடேயப்பா! கொஞ்ச நேரம் அப்படியே வெயில் காயடி" என்றது அந்துப்பூச்சி. "நான் இங்கேதானே இருக்கிறேன்."