அடுத்த வீடு

பாழடைந்த வீட்டை வாங்கிப் பளபளப்பாக்கி விற்கும் தொழிலில் புதிதாக இறங்கியிருந்தவர், அலங்கரித்து முடித்த முதல் வீட்டின் சோபாவில் சாய்ந்தபடி தரகருக்குப் போன் போட்டார்.

"அடுத்த வீடு ஏதாவது சிக்குச்சா?"

"அம்சமா ஒண்ணு மாட்டியிருக்கு சார். சுவரெல்லாம் ஓதம், கேட் ஒரு பக்கமா தொங்குது. உள்ளே ஃபேன் இல்லை, திரைச்சீலை இல்லை, உட்கார நாற்காலிகூட இல்லை. எல்லாத்தையும் புருஷன்காரன் தூக்கிட்டுப் போயிட்டானாம். அந்தம்மா தலையில கைவச்சு உக்காந்திருக்காங்க."

"எந்த உதவாக்கரை அவன்? சரி, நமக்கு நல்லதுதான். அடிமாட்டு விலைக்குப் பேசி முடிச்சிடுங்க!"

தரகர் மெல்ல இழுத்தார்.

"போன் ஸ்பீக்கர்ல இருக்கு சார். உங்க குரலைக் கேட்டதும் அந்தம்மா எழுந்து நின்னுட்டாங்க. நீங்க தூக்கிட்டுப் போன சோபாவை முதல்ல வீட்டுக்குக் கொண்டுவந்து போடணுமாம்."